ஏடிமெகா328-க்குச் சொந்த போர்டு: 28 கால்களில் முதலில் பார்க்க வேண்டிய 13

ஆர்டுயினோ ஊனோவும் பிரெட்போர்டும் வைத்து ஒரு சர்க்யூட்டை ஓடவைத்தாயிற்று. அடுத்து அதையே நாமே வரைந்த போர்டில் கொண்டுவர வேண்டும். இந்த இடத்துக்குப் புதிதாக வருபவர்கள் சென்சாரையும் டிஸ்ப்ளேயையும் பார்த்துப் பார்த்து வரைவார்கள். ஐசியின் பவர் கால்களை மட்டும் ஒரு 5 வோல்ட், ஒரு கிரவுண்டு என்று இரண்டு கோட்டில் முடித்துவிடுவார்கள். போர்டு வந்து, சால்டர் செய்து, கரண்ட் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அல்லது அதைவிட மோசம்: பாதி நாள் ஓடும், பாதி நாள் ஓடாது.

ஊனோவின் மூளையாக இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் ஐசி ஏடிமெகா328பி. அதற்கு 28 கால்கள். அவற்றில் 15 கால்கள் உங்கள் இஷ்டம். தேவைப்பட்டால் இணைக்கலாம், இல்லையென்றால் அப்படியே விடலாம். மீதி 13 கால்கள்தான் ஐசியை உயிரோடு வைத்திருப்பவை. பவருக்கு ஐந்து (7, 8, 20, 21, 22), ரீசெட்டுக்கு ஒன்று (1), கிரிஸ்டலுக்கு இரண்டு (9, 10), புரோகிராம் ஏற்ற மூன்று (17, 18, 19), சீரியலுக்கு இரண்டு (2, 3). ஊனோவில் இந்த 13-ஐயும் அந்த போர்டை வரைந்தவர்களே கவனித்துக்கொண்டதால் நம் கண்ணில் படவே இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்த 13 கால்களைப் பற்றித்தான்.

வாங்கும்போது

இரண்டு வரிசையில் கால் நீட்டிய டிஐபி வடிவம்தான் முதல் போர்டுக்குச் சரி. சாக்கெட்டில் வைக்கலாம், கெட்டால் கழற்றி மாற்றலாம். பெயரின் கடைசியில் 'பியு' என்றிருந்தால் டிஐபி. 'ஏயு' என்றிருந்தால் நான்கு பக்கமும் கால் உள்ள 32 கால் சர்ஃபேஸ் மவுண்ட் வகை. உள்ளே இருப்பது ஒன்றேதான், ஆனால் கால் எண்கள் முற்றிலும் வேறு. டிஐபியில் ரீசெட் 1-ஆம் கால், அந்தச் சதுர வகையில் அது 29. இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் எந்த வகையின் படம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

328 என்றும் 328பி என்றும் இரண்டு உண்டு. கால்கள் ஒரே மாதிரிதான். ஐசி தன்னை அடையாளம் சொல்லும் சிக்னேச்சர் மட்டும் மாறும். 328பி-க்கு 1இ 95 0எஃப், வெறும் 328-க்கு 1இ 95 14. புரோகிராம் ஏற்றும்போது சிக்னேச்சர் பொருந்தவில்லை என்று வந்தால் ஐசி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம், மேலே அச்சாகியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். லோகோ ஆட்மெல் என்றும் இருக்கும், மைக்ரோசிப் என்றும் இருக்கும். 2016-இல் ஆட்மெலை மைக்ரோசிப் வாங்கிவிட்டது, அதனால்தான்.

மற்ற சாமான்கள்: 28 கால் குறுகிய சாக்கெட் 1, 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 1, 22 பிக்கோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் 2, 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் 6, 10 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் 1, 100 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் 1, 10 கிலோ ஓம் 1, 1 கிலோ ஓம் 3, 7805 ரெகுலேட்டர் 1, 1என்5819 டயோடு 1, 1என்4148 டயோடு 1, எல்இடி 1, ஆண் ஹெடர் ஒரு நீளம். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ 0.1 மைக்ரோ என்று சொல்வதைவிட '104' என்று கேட்பது எளிது, அதன் மேல் அச்சாகியிருப்பதும் அதுதான். சாக்கெட் கேட்கும்போது 'குறுகியது' என்று அழுத்திச் சொல்லுங்கள். 28 கால் அகல சாக்கெட்டும் கடையில் இருக்கும்.

பவர்: ஐந்து கால்கள்

7-ஆம் கால் 5 வோல்ட், 8-ஆம் கால் கிரவுண்டு. இது எல்லாருக்கும் தெரியும். 20-ஆம் கால் ஏவிசிசி. அனலாக் பகுதிக்கான பவர் அது. 'நான் அனலாக் ரீட் பயன்படுத்தவே இல்லையே' என்று பலர் அதைத் தொங்கவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. 23 முதல் 28 வரையுள்ள சி போர்ட்டின் பெரும்பகுதிக்கு பவர் அந்தக் கால் வழியாகத்தான் போகிறது. 20-ஐயும் அதே 5 வோல்ட்டில் இணையுங்கள். அனலாக் அளவு துல்லியமாக வேண்டுமென்றால் நடுவில் 10 மைக்ரோ ஹென்றி காயில் ஒன்று போடலாம், முதல் போர்டுக்கு அவசியமில்லை.

22-ஆம் கால் இன்னொரு கிரவுண்டு. 8 இருக்கிறதே, உள்ளே இரண்டும் சேர்ந்துதானே இருக்கும் என்று இதை விட்டுவிட்டால் ஐசிக்குள் போகும் கரண்ட் எல்லாம் மெல்லிய உள்கம்பி ஒன்றின் வழியே திரும்பும். இரண்டையும் இணைப்பதுதான் முறை.

21-ஆம் கால் ஏரெஃப், அனலாக் அளவுக்கு ஒப்பீடாக வைக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜின் கால். இங்கேதான் ஐசியை எரிக்கும் தப்பு நடக்கிறது. ஏரெஃப்பை நேரடியாக 5 வோல்ட்டில் இணைத்துவிட்டு, புரோகிராமில் உள் ரெஃபரன்ஸ் 1.1 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருக்கும் 1.1-உம் வெளியே இருக்கும் 5-உம் முட்டிக்கொள்ளும். ஏரெஃப்பிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 104, அவ்வளவே. வேறெதிலும் இணைக்க வேண்டாம்.

இனி டீகப்ளிங். ஐசி ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் ஒரு வாய் கரண்ட்டை வெடுக்கென்று இழுக்கும். ரெகுலேட்டர் தூரத்தில் இருந்தால் அந்த நொடிக்குள் கொடுக்க முடியாது, 7-ஆம் காலில் வோல்டேஜ் ஒரு கணம் பள்ளம் விழும். பக்கத்திலேயே ஒரு சின்னக் குடம் தண்ணீர் வைத்திருப்பது போலத்தான் அந்த 104. 7-க்கும் 8-க்கும் நடுவே ஒன்று, 20-க்கும் 22-க்கும் நடுவே ஒன்று. காலிலிருந்து 5 மி.மீ.-க்குள் இருக்கட்டும். டிராக் ரெகுலேட்டரிலிருந்து வந்து, முதலில் கெப்பாசிட்டரின் பேடைத் தொட்டு, அதன் பிறகு ஐசியின் காலுக்குப் போக வேண்டும். காலுக்குப் போய்விட்டு ஒரு கிளை எடுத்து மூன்று செ.மீ. தள்ளிக் கெப்பாசிட்டரை வைத்தால் வரைபடத்தில் சரி, போர்டில் அது இல்லாததுபோலத்தான்.

ரெகுலேட்டர் எது? சுவரில் செருகும் 9 வோல்ட் அடாப்டர் என்றால் 7805 போதும். உள்ளே வருவது வெளியே போவதைவிடக் குறைந்தது 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். எதிர்த்திசையில் செருகிவிட்டால் காப்பாற்ற 1என்5819 வரிசையில் வருகிறது, அது 0.3 முதல் 0.5 வோல்ட் வரை சாப்பிடும். ஆக 7.5 வோல்ட்டுக்குக் கீழே அடாப்டர் வேண்டாம். மேலேயும் ரொம்பப் போகக் கூடாது. 12 வோல்ட் கொடுத்து 100 மில்லி ஆம்பியர் எடுத்தால் மிச்ச 7 வோல்ட் வெப்பமாக, 0.7 வாட். ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கு 65 டிகிரி அளவு சூடேறும். அறையின் சூட்டுக்கு மேல் 45 டிகிரி. சித்திரை வெயிலில் தகர டப்பாவுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

7805-க்கு உள்பக்கம் ஒரு 100 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக்கும் ஒரு 104-உம், வெளிப்பக்கம் ஒரு 10 மைக்ரோவும் ஒரு 104-உம். இதில் ஒரு பொறி உண்டு. 7805-ஐ எழுத்து நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து உள்ளே, கிரவுண்டு, வெளியே. அதன் தம்பி 78எல்05, சின்ன டிரான்சிஸ்டர் உருவத்தில் இருப்பது, தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் நேர்மாறு: வெளியே, கிரவுண்டு, உள்ளே. ஏஎம்எஸ்1117 என்றால் இன்னொரு விதம்: கிரவுண்டு, வெளியே, உள்ளே. 7805-இன் உலோக முதுகு கிரவுண்டு. 1117-இன் முதுகு வெளிவரும் வோல்டேஜ். 1117-இன் முதுகுக்கடியில் கிரவுண்டுச் செம்பை விரித்தவர்கள் போர்டைக் கத்தியால் சுரண்டித்தான் பிழைத்திருக்கிறார்கள். இணையப் படத்தை நம்பாமல் வாங்கிய பாகத்தின் டேட்டாஷீட்டைத் திறந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

கடிகாரம்

9, 10 கால்களில் கிரிஸ்டல். ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிக்கோ. ஏன் 22? கிரிஸ்டலின் டேட்டாஷீட்டில் லோட் கெப்பாசிட்டன்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து போர்டும் ஐசியும் சேர்ந்து கொண்டுவரும் சுமார் 5 பிக்கோவைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். லோட் 16 என்றால் 11-ஐ இரண்டால் பெருக்கி 22. இந்த எண் கொஞ்சம் தள்ளிப்போனாலும் ஓடும், வேகம் மட்டும் மயிரிழை மாறும். ஆனால் '22' அச்சாகியிருப்பதற்குப் பதிலாக '223' உள்ளதை எடுத்து வைத்தால், அது 22 நானோ, ஆயிரம் மடங்கு. கிரிஸ்டல் அசையவே அசையாது.

கிரிஸ்டலை ஐசியிலிருந்து 10 மி.மீ.-க்குள் வையுங்கள். அதனடியில் வேறு டிராக் எதையும் ஓட்டாதீர்கள். உலோகக் கூடு பேடுகளைத் தொடாதபடி ஒரு மி.மீ. தூக்கி நிறுத்திச் சால்டர் செய்யுங்கள்.

கிரிஸ்டலே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். ஐசிக்குள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் உண்டு. எல்இடி, பட்டன், ரிலே மட்டும் என்றால் அது தாராளம். மூன்று பாகம் மிச்சம், இரண்டு கால் கூடுதல். குறை என்னவென்றால் தொழிற்சாலையில் அதன் வேகத்தை 10 சதவீதம் வரை முன்பின்னாகத்தான் சரிசெய்து அனுப்புகிறார்கள். சீரியல் பேசும்போது அது உதைக்கலாம். 9600 வேகத்தில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 115200 என்றால் 8 மெகாஹெர்ட்ஸிலிருந்து பிரித்தெடுக்கும் கணக்கிலேயே 3.5 சதவீதம் பிழை வருகிறது, அதன்மேல் ஆசிலேட்டரின் தவறும் சேர்ந்தால் குப்பை எழுத்துதான். மணி காட்டும் வேலைக்கும் உள் ஆசிலேட்டர் ஆகாது.

3.3 வோல்ட்டில் ஓட்டும் திட்டமிருந்தால் ஒன்று: 16 மெகாஹெர்ட்ஸ் கூடாது. டேட்டாஷீட் உறுதி தருவது 2.7 வோல்ட்டில் 10 மெகாஹெர்ட்ஸ் வரை, 4.5-இல் 20 வரை. நடுவில் இருப்பதைக் கோடு போட்டுப் பார்த்தால் 3.3-க்கு 13 சொச்சம். 8 போட்டுக்கொள்ளுங்கள்.

ரீசெட்டும் புரோகிராம் வழியும்

1-ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். உள்ளேயே ஒரு புல்அப் (காலை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறது, ஆனால் அது 30 முதல் 60 கிலோ ஓம் வரை. பக்கத்தில் மோட்டாரோ ரிலேயோ ஆனால் அந்தப் பலவீனமான பிடி போதாது. ஒரு ரீசெட் பட்டன் வேண்டுமென்றால் 1-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே.

யுஎஸ்பி-சீரியல் மாடியூல் வைத்துப் புரோகிராம் ஏற்றுவதென்றால், மாடியூலின் டிடிஆர் காலிலிருந்து ரீசெட்டுக்கு ஒரு 104 வரிசையில் போட வேண்டும். கணினி டிடிஆரைக் கீழே இழுக்கும் கணத்தில் ரீசெட்டும் ஒரு துடிப்பு கீழே போய்வரும், பூட்லோடர் (சீரியல் வழியே வரும் புரோகிராமை ஐசியில் ஏற்றிக்கொள்ளும் சின்ன புரோகிராம்) விழிக்கும். இங்கே இரண்டு நுணுக்கம். முதலாவது: சத்தம் தடுக்க ரீசெட்டிலிருந்து கிரவுண்டுக்கும் ஒரு 104 போடு என்று சில வரைபடங்கள் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 5 வோல்ட் துடிப்பு இரண்டுக்கும் பாதியாகப் பிரிந்து ரீசெட் 2.5 வோல்ட் வரைதான் இறங்கும். சில சமயம் ரீசெட் ஆகும், சில சமயம் ஆகாது. டிடிஆர் கெப்பாசிட்டர் இருந்தால் கிரவுண்டு கெப்பாசிட்டர் வேண்டாம். இரண்டாவது: டிடிஆர் மறுபடி மேலே போகும்போது ரீசெட் கால் ஒரு கணம் 10 வோல்ட்டை எட்டும். மற்ற கால்களில் இருப்பதுபோல 5 வோல்ட் பக்கம் தள்ளிவிடும் டயோடு இந்தக் காலுக்கு உள்ளே கிடையாது, காரணம் 12 வோல்ட் கொடுத்து ஐசியைப் புரோகிராம் செய்யும் முறைக்கு இதே கால்தான் வழி. ஆகவே வெளியே 1என்4148 ஒன்று, 10 கிலோ ஓமுக்கு இணையாக, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம்.

சீரியல் ஹெடரின் வழக்கமான வரிசை கிரவுண்டு, சிடிஎஸ், 5 வோல்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ், டிடிஆர். மாடியூலின் டிஎக்ஸ் நம் ஐசியின் ஆர்எக்ஸுக்கு, அதாவது 2-ஆம் காலுக்குப் போக வேண்டும், ஆர்எக்ஸ் 3-க்கு. குறுக்காகத்தான் இணைப்பு. இரண்டிலும் 1 கிலோ ஓம் ஒன்று வரிசையில் போடுங்கள். ஊனோவிலும் அப்படித்தான் இருக்கிறது. போடாவிட்டால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மாடியூலின் டிஎக்ஸும் கிரவுண்டும் மட்டும் செருகியிருக்கும், போர்டுக்கு அடாப்டர் இல்லை, ஆனால் எல்இடி மங்கலாக எரியும், புரோகிராம்கூட ஓடலாம். டிஎக்ஸ் கால் வழியே ஐசியின் உள் டயோடு மூலம் பவர் திருட்டுத்தனமாக ஏறுகிறது. நல்லதில்லை.

சீரியல் இருந்தாலும் ஆறு கால் ஐஎஸ்பி ஹெடரை விடாதீர்கள். புது ஐசியில் பூட்லோடர் இருக்காது, ஃபியூஸும் (எரியும் ஃபியூஸ் அல்ல, கடிகாரம் எது என்பது போன்றவற்றை ஐசிக்குச் சொல்லும் உள் அமைப்பு எண்கள்) மாற்ற வேண்டும், இரண்டும் இதன் வழியாகத்தான். வரிசை: 1 மிசோ, 2 ஐந்து வோல்ட், 3 எஸ்சிகே, 4 மோசி, 5 ரீசெட், 6 கிரவுண்டு. ஐசியில் மோசி 17, மிசோ 18, எஸ்சிகே 19. சீரியல் மாதிரி இங்கே குறுக்கு கிடையாது: மிசோ மிசோவுக்கே, மோசி மோசிக்கே. இந்த மூன்று கால்களை வேறு வேலைக்கும் எடுக்கலாம், ஆனால் பெரிய கெப்பாசிட்டரையோ குறைந்த ரெசிஸ்டரையோ அங்கே தொங்கவிட்டால் புரோகிராம் ஏறாது.

வரையும்போது

போர்டு வரையும் மென்பொருளில் கீகேட் இலவசம், போதுமானது. 28 கால் ஐசியின் ஃபுட்பிரின்ட் (போர்டில் அதன் கால்களுக்கான பேடுகளின் அமைப்பு) தேடினால் 7.62 மி.மீ. அகலத்திலும் ஒன்று இருக்கும், 15.24 மி.மீ. அகலத்திலும் ஒன்று இருக்கும். நமக்கு 7.62. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அகலமானதை எடுத்து ஐந்து போர்டு செய்து வாங்கிவிட்டால் ஐந்தும் பழுது. இதற்கு ஒரே பாதுகாப்பு: ஆர்டர் போடுவதற்கு முன் 100 சதவீத அளவில் தாளில் அச்செடுத்து, தெர்மோகோல் துண்டின் மேல் வைத்து, சாக்கெட், கிரிஸ்டல், ரெகுலேட்டர், கனெக்டர் ஒவ்வொன்றையும் குத்திப் பாருங்கள். அச்சில் 'பக்கத்துக்குப் பொருத்து' அணைந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கேல் வைத்துப் பார்த்தால், சாக்கெட்டின் முதல் காலிலிருந்து 14-ஆம் கால் வரை 33 மி.மீ. இருந்தால் அளவு சரி.

துளைகளும் அப்போதே தெரிந்துவிடும். சாக்கெட்டுக்கு 0.8 மி.மீ. போதும், ஹெடருக்கு 1.0 வேண்டும், தடித்த கால் கொண்ட டயோடுக்கு அதற்கும் சற்று மேல். டிராக் அகலம் சிக்னலுக்கு 0.3 மி.மீ., பவருக்கு 0.8 அல்லது 1. இதைவிட மெலிதாகவும் தயாரிப்பாளர்கள் செய்து தருவார்கள், ஆனால் தப்பு வந்து டிராக்கை வெட்டி ஒயர் போட வேண்டிய நாளில் 0.3-ஐக் கையால் சமாளிக்கலாம், 0.15-ஐ முடியாது.

இரண்டு பக்க போர்டு என்றால் கீழ்ப்பக்கம் முழுக்க கிரவுண்டுச் செம்பு. அதை நீளமான டிராக் ஒன்றால் இரண்டாகப் பிளக்காதீர்கள். பிளந்தால் கரண்ட் சுற்றிக்கொண்டு திரும்பும், தொந்தரவு அங்கேதான் தொடங்கும். விதிச் சோதனை ஓட்டும்போது 'பவர் கால் எதனாலும் இயக்கப்படவில்லை' என்று ஒரு பிழை எல்லாருக்கும் வரும். அடாப்டர் கனெக்டர் பவர் தருவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பவர் ஃபிளாக் குறியை அந்த நெட்டில் வைத்தால் போய்விடும். மற்ற எச்சரிக்கைகளை 'இருக்கட்டும்' என்று தள்ளாதீர்கள்.

போர்டின் மேல் எழுத்து அச்சாகும் சில்க்ஸ்கிரீனில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐசியின் 1-ஆம் கால், ஹெடர்களின் 1-ஆம் கால், எலக்ட்ரோலிட்டிக்கின் பிளஸ், டயோடின் கோடு, அடாப்டர் வோல்டேஜ், போர்டின் பதிப்பு எண் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் மீட்டர் முனை வைக்க இரண்டு வெற்றுப் பேடு. பயன்படுத்தாத 15 கால்களையும் ஓரத்தில் ஒரு ஹெடர் வரிசைக்கு இழுத்துவிட்டால் பின்னால் கைகொடுக்கும்.

சால்டரும் முதல் கரண்ட்டும்

63/37 ஈயம், 0.8 மி.மீ. கம்பி. அது 183 டிகிரியிலேயே உருகும். முனையை 330 டிகிரி பக்கம் வைத்தால் ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று வினாடி. முனையால் பேடையும் காலையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். முனையில் ஈயத்தை உருட்டிக்கொண்டு வந்து அப்பினால் டிரை சால்டர்தான். நல்ல புள்ளி மலையடிவாரம்போல வளைந்து இறங்கி மின்னும். டிரை சால்டர் பந்துபோல உட்கார்ந்து மங்கலாக இருக்கும். கிரவுண்டுச் செம்போடு சேரும் கால்களில் சூடு ஓடிவிடும், அங்கே கூடுதலாக ஓரிரண்டு வினாடி.

உயரம் குறைந்த பாகங்களிலிருந்து தொடங்குங்கள்: ரெசிஸ்டர், டயோடு, சாக்கெட், 104-கள், கிரிஸ்டல், பிறகு ஹெடர், எலக்ட்ரோலிட்டிக், ரெகுலேட்டர். ஐசியை இப்போது வைக்காதீர்கள்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து 5 வோல்ட் பேடுக்கும் கிரவுண்டுக்கும் பாருங்கள். கெப்பாசிட்டர் நிரம்பும்வரை எண் ஏறிக்கொண்டே போகும், அது சரி. ஒரு சில ஓமிலேயே நின்றால் ஷார்ட். ஈயப் பாலத்தைத் தேடுங்கள்.

பிறகு அடாப்டரின் பிளஸ் ஒயரில் 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் போட்டு 9 வோல்ட் கொடுங்கள். கரண்ட் கட்டுப்படுத்தும் பெஞ்ச் சப்ளை இல்லாதவர்களுக்கு இதுதான் காவல். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் மீட்டரை வைத்தால் எத்தனை வோல்ட்டோ, அதைப் பத்தால் பெருக்கினால் அத்தனை மில்லி ஆம்பியர். ஐசி இல்லாத போர்டில் 7805 ஐந்து மில்லி ஆம்பியர் அளவும், பவர் எல்இடி 1 கிலோ ஓம் வழியாக மூன்றும் எடுக்கும், ஆக 0.8 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 8, 9 வோல்ட் காட்டினால் முழு ஷார்ட், ரெசிஸ்டர் சூடாகும், ஆனால் போர்டில் ஒன்றும் எரியாது. எண் சரியாக இருந்தால் சாக்கெட்டின் 7, 20 துளைகளில் 5 வோல்ட், 1-இல் 5 வோல்ட், 8, 22-இல் பூஜ்யம், 21-இல் எதுவும் இல்லை என்று பாருங்கள். எல்லாம் சரியா? பவரை எடுங்கள், ஐசியின் பிறை வெட்டை சாக்கெட்டின் வெட்டோடு பொருத்தி அழுத்துங்கள். புது ஐசியின் கால்கள் கொஞ்சம் விரிந்திருக்கும்; மேசையில் பக்கவாட்டாக வைத்து மெல்ல அழுத்தி நேராக்கிவிட்டுச் செருகினால் கால் மடங்காது.

ஃபியூஸ்

புது ஐசி கிரிஸ்டலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தொழிற்சாலையில் லோ ஃபியூஸ் 62; உள் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடு என்று பொருள். அதில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்துக் கம்பைல் செய்த பிளிங்க்கை ஏற்றினால் ஒரு வினாடி மின்ன வேண்டிய எல்இடி 16 வினாடி எரிந்து 16 வினாடி அணையும். அதைப் பார்த்ததும் கிரிஸ்டலை மாற்றக் கிளம்பாதீர்கள், கோளாறு ஃபியூஸில்.

புரோகிராமர் இல்லையென்றால் ஊனோவே போதும். ஆர்டுயினோ ஐடிஇ-யின் உதாரணங்களில் உள்ள ஆர்டுயினோஐஎஸ்பி-யை ஊனோவில் ஏற்றுங்கள். ஊனோவின் 10 நம் ரீசெட்டுக்கு, 11 மோசிக்கு, 12 மிசோவுக்கு, 13 எஸ்சிகே-க்கு, கூடவே 5 வோல்ட், கிரவுண்டு. ஏற்றி முடித்த பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் 10 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, பிளஸ் ரீசெட் பக்கம். இது இல்லாவிட்டால் கணினி பேச ஆரம்பித்ததும் ஊனோ தானே ரீசெட் ஆகிவிடும். பிறகு 'பர்ன் பூட்லோடர்'. அந்த ஒரே சொடுக்கில் ஃபியூஸும் மாறிவிடும்: ஊனோவுக்கு லோ எஃப்எஃப், ஹை டிஇ, எக்ஸ்டெண்டட் எஃப்டி. உள் 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் லோ இ2. கையால் எண் எழுதுவதைவிட மினிகோர் போர்டுத் தொகுப்பை நிறுவி மெனுவில் தேர்ந்தெடுப்பது பத்திரம்.

வேறு புரோகிராமர் வைத்திருப்பவர்களுக்கு: 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் புது ஐசியோடு வேகமாகப் பேசினால் பதில் வராது. எஸ்சிகே வேகம் ஐசியின் வேகத்தில் கால்வாசிக்கும் குறைவாக, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். புரோகிராமரில் மெதுவாக ஓடும் ஜம்பர் இருந்தால் போடுங்கள்.

கிரிஸ்டல் என்பதற்குப் பதிலாக 'வெளிக் கடிகாரம்' என்று தவறாக ஃபியூஸ் போட்டுவிட்டால் ஐசி செத்ததுபோல் கிடக்கும். சாகவில்லை. இன்னொரு ஆர்டுயினோவிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை 9-ஆம் காலுக்குக் கொடுத்துக்கொண்டே ஃபியூஸைத் திருத்தலாம். ரீசெட் காலையே சாதாரணக் காலாக்கும் ஃபியூஸை மட்டும் தொடாதீர்கள். அதற்கு 12 வோல்ட் புரோகிராமர் தேவைப்படும்.

ரிலே வைத்தவர்களுக்கு

ஐசியின் ஒரு காலின் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர். 20-ஐத் தாண்டாமல் வைப்பது நல்லது. 5 வோல்ட் சர்க்கரைக் கட்டி ரிலேயின் காயில் 70 எடுக்கும். நடுவே பிசி547, பேஸுக்கு 1 கிலோ ஓம், காயிலுக்குக் குறுக்கே 1என்4007, கோடு 5 வோல்ட் பக்கம். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் பிசி547 கலெக்டர், பேஸ், எமிட்டர்; பிஎன்2222 நேர்மாறு.

ரிலே ஆன் ஆகும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆனால் மூன்று இடம் பாருங்கள். டயோடு இல்லாமலோ திரும்பியோ இருக்கலாம். எமிட்டரின் கிரவுண்டு டிராக் ஐசியின் 8-ஆம் கால் வழியே போய்த் திரும்பலாம். அதை நேராக ரெகுலேட்டரின் கிரவுண்டுக்குத் தனியே கொண்டுபோக வேண்டும். அல்லது ரிலே பக்கத்தில் 5 வோல்ட்டில் 100 மைக்ரோ ஒன்று குறைகிறது. இவற்றைச் சரிசெய்த பிறகு எக்ஸ்டெண்டட் ஃபியூஸை எஃப்டி-யிலிருந்து எஃப்சி-க்கு மாற்றிவிடுங்கள். 2.7 வோல்ட் வரை தள்ளாடிக்கொண்டு ஓடி ஈப்ராமில் (பவர் போனாலும் அழியாத நினைவகம்) கண்டதை எழுதாமல், 4.3 வோல்ட்டிலேயே ஐசி நின்றுவிடும். ரிலேயின் மறுபக்கம் 230 வோல்ட் என்றால் முதல் போர்டில் அதைக் கொண்டுவரவே வேண்டாம். ஆயத்தமாகக் கிடைக்கும் ரிலே மாடியூலை ஒரு கனெக்டரில் மாட்டுங்கள். கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால் மெயின்ஸ் டிராக்குக்கும் 5 வோல்ட் டிராக்குக்கும் இடையே 6 மி.மீ.-க்குக் குறையாத வெற்றிடம், அந்தப் பகுதியில் கிரவுண்டுச் செம்பு அறவே கூடாது.